இணைய வரைபடத்தை வேகப்படுத்துதல்: பினாங்குத் தைப்பூச வரைபடத்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கின் தைப்பூசக் கூட்டத்தில், தேர் சென்றடையும் தண்ணீர்மலைச் சாலையோரம் நின்றுகொண்டு கைப்பேசியில் வரைபடத்தைத் திறப்பவருக்குத் தெரிய வேண்டியவை மூன்றே செய்திகள்தாம்: தேர் இப்போது எங்கே வருகிறது, எந்தச் சாலை அடைக்கப்பட்டிருக்கிறது, பக்கத்தில் உள்ள தண்ணீர்ப் பந்தல் எது. சில ஆண்டுகளுக்கு முன்பு, நண்பர்கள் சிலர் சேர்ந்து இதற்காகவே ஒரு வரைபடம் செய்தோம். வீட்டு வைஃபையில் அது கண் இமைப்பதற்குள் திறந்தது. கூட்டத்தின் நடுவே அதே வரைபடம் சாம்பல் நிறக் கட்டங்களை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. திருவிழா முடிந்த பிறகு ஒவ்வொரு கோப்பாகப் பிரித்துப் பார்த்தபோது, நாங்கள் பயன்படுத்திய நிரல் நூலகத்தில் குறை ஏதும் இல்லை என்பது தெரிந்தது. கேட்பவருக்கு வேண்டாதவற்றையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். வேண்டிய மூன்று செய்திகளும் அந்த மூட்டையின் அடியில் கிடந்தன.

லீஃப்லெட் அல்லது மேப்லிப்ரே என்னும் இணைய வரைபட நூலகங்களைக் கொண்டு ஏற்கெனவே ஒரு வரைபடம் செய்து, அது மெதுவாக இருப்பதாக வருந்துகிறவர்களுக்காக இது எழுதப்படுகிறது. இங்கே சொல்லப்படும் படிகளின் வரிசை முக்கியமானது. முதலில் அளக்க வேண்டும். அடுத்து அனுப்பும் தரவைக் குறைக்க வேண்டும். சேவையகம், கேஷ் (ஒருமுறை வாங்கியதை மறுபடி கேட்காமல் சேமித்து வைத்தல்), திரையில் வரைதல் ஆகியவை அதற்குப் பிறகுதான். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, பெரிய சேவையகத்திற்குப் பணம் கட்டிவிட்டு, பழைய வேகத்திலேயே நிற்கிறார்கள்.

முதல் படி: உண்மையான கைப்பேசியில் அளத்தல்

மேசைக் கணினியில் அளப்பது உங்களை ஏமாற்றிவிடும். குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, கேஷை முடக்கி, இணைப்பைச் செயற்கையாக மெதுவாக்கி, கணினியின் மையச் செயலியின் (சிபியூ) வேகத்தையும் நான்கில் ஒன்றாகக் குறைத்து ஒரு முறை பக்கத்தை ஏற்றிப் பாருங்கள். அதன் பிறகு, விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றை யூஎஸ்பி கம்பி வழியாகக் கணினியோடு இணைத்து, அதே கருவிகளால் அந்தக் கைப்பேசியில் நடப்பதைக் கவனியுங்கள். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டதால், 3ஜி வேகத்தில் சோதிப்பது வீண் என்று சிலர் எண்ணுவதுண்டு. ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரே கோபுரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இரவில், திரையின் மேல் 4ஜி என்று எழுதியிருந்தாலும், வந்து சேரும் வேகம் அதற்குச் சம்பந்தமே இல்லாததாக இருக்கும்.

அளக்கும்போது நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை கோரிக்கைகள் போகின்றன, மொத்தம் எத்தனை கிலோபைட் வருகிறது, முதல் பைட் வர எவ்வளவு நேரம் ஆகிறது, விரலால் நகர்த்தும்போது திரை திக்குகிறதா. கடைசியாகச் சொன்னதை உணர்வால் மட்டும் சொல்லாமல், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பதிவுசெய்து பார்க்க வேண்டும். நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்பட வேண்டுமானால் ஒவ்வொரு காட்சிச் சட்டத்திற்கும் (ஃபிரேம்) ஏறத்தாழ 16.7 மில்லிநொடிதான் கிடைக்கும். அதைத் தாண்டும் வேலைகளெல்லாம் நீண்ட பட்டைகளாக அங்கே தெரியும். கூகுள் வகுத்த அளவுகோல்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்: பக்கத்தின் பெரிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும். தொடுதலுக்கான மறுவினை 200 மில்லிநொடிக்குள் வர வேண்டும்.

ஒரு சிறு எச்சரிக்கை. மறைந்திருக்கும் தாவல் அல்லது பெட்டிக்குள் வரைபடத்தை உருவாக்கிவிட்டுப் பிறகு திறந்தால், லீஃப்லெட் தன் பரப்பளவைத் தவறாகக் கணித்து, ஒரு மூலையில் மட்டும் படங்களைக் காட்டி, மற்ற இடங்களைச் சாம்பலாக விட்டுவிடும். அது வேகக் குறைவு அன்று. பெட்டி திறந்ததும் வரைபடத்திடம் அளவை மறுபடி சரிபார்க்கச் சொல்லும் ஒரே வரி போதும். அந்த ஒரு வரி தெரியாமல் இணையச் சேவையைத் திட்டிக்கொண்டே நான் ஒரு வாரம் கழித்திருக்கிறேன்.

இரண்டாம் படி: டைல் கணக்கைப் புரிந்துகொள்ளுதல்

வரைபடத்தை டைல் என்னும் சிறு சதுரத் துண்டுகளாக வெட்டி அனுப்பும், 2005இல் கூகுள் மேப்ஸ் வந்தபோது பரவலான முறையே இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உலகம் முழுவதும் ஒரு சதுரமாக மடக்கப்பட்டு, ஜூம் 0 நிலையில் 256 பிக்சல் பக்கமுள்ள ஒரே டைலாக நிற்கிறது. ஒவ்வொரு நிலை கூடும்போதும் ஒரு டைல் நான்காகப் பிரிகிறது. ஆகவே ஜூம் 14இல் உலகத்திற்கு ஏறத்தாழ 268 மில்லியன் டைல்கள். ஜூம் 18இல் 68 பில்லியனுக்கும் மேல். பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 5.4 பாகையிலேயே இருப்பதால், மெர்க்கேட்டர் வீக்கம் (துருவத்தை நெருங்க நெருங்க வரைபடத்தில் இடங்கள் பெரிதாகத் தோன்றுவது) நம்மைப் பெரிதாகத் தொடுவதில்லை. ஜூம் 14இல் ஒரு டைலின் பக்கம் சுமார் 2.4 கிலோமீட்டர், ஜூம் 18இல் சுமார் 150 மீட்டர் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்தக் கணக்கிலிருந்து உடனடியாகச் செய்ய வேண்டியவை இரண்டு. பினாங்குக்கு மட்டுமான வரைபடத்தில் பயனர் ஆப்பிரிக்கா வரை இழுத்துச் செல்ல இடம் தர வேண்டியதில்லை. எல்லையையும், மிகக் குறைந்த ஜூமையும், மிக உயர்ந்த ஜூமையும் கட்டிப்போடுங்கள். அடுத்து, திறக்கும்போதே சரியான இடத்தில் திறக்கச் செய்யுங்கள். மலேசியா முழுவதையும் காட்டிவிட்டுப் பிறகு அழகாகப் பறந்து ஜார்ஜ்டவுனில் இறங்கும் அசைவு, பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு ஜூம் நிலையிலும் யாரும் பார்க்காத டைல்களைக் கேட்டுவிடக்கூடும்.

மூன்றாம் படி: தரவைக் குறைத்தல்

இந்தப் படியில் செலவிடும் ஒரு மணி நேரம், மற்ற படிகளில் செலவிடும் ஒரு நாளுக்குச் சமம் என்பது என் கருத்து. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தசமப் புள்ளிகளைப் பாருங்கள். வரைபட மென்பொருளிலிருந்து ஜியோஜேசன் என்னும் எழுத்து வடிவ வரைபடத் தரவுக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது, ஆயத்தொலைகள் 14, 15 தசம இடங்களோடு வந்து விழுவது வழக்கம். தீர்க்கக்கோட்டில் ஐந்தாவது தசம இடம் ஏறத்தாழ 1.1 மீட்டரைக் குறிக்கிறது. ஆறாவது இடம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். தண்ணீர்ப் பந்தல் ஒன்றின் இடத்தைச் சொல்ல ஐந்து இடங்கள் தாராளம். 100.32876543210123, 5.41423456789012 என்று எழுதப்படும் ஒரு புள்ளி, அடைப்புக் குறிகளோடு சேர்த்து 37 எழுத்துகளை விழுங்குகிறது, 100.32877, 5.41423 என்று எழுதினால் 19 எழுத்துகள். பல்லாயிரம் முனைகள் கொண்ட சாலைக் கோடுகளில் இந்த ஒரு மாற்றமே கோப்பைப் பாதியாக்கிவிடும். அதோடு, சீரற்ற நீண்ட எண்களை ஜிசிப், ப்ராட்லி போன்ற கோப்புச் சுருக்க முறைகளால் நன்றாகச் சுருக்க முடியாது என்பதால், அனுப்பும்போதும் இலாபம் தொடர்கிறது.

அடுத்தது பண்புகள். அரசுத் துறை ஒன்றிலிருந்தோ தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்தோ எடுத்த தரவில் ஒவ்வொரு சாலைக்கும் பத்து இருபது பண்புகள் ஒட்டிக்கொண்டு வரும். நாம் காட்டப்போவது சாலையின் பெயரும் அது அடைக்கப்படும் நேரமும் மட்டும் என்றால் மற்றவற்றை வெட்டிவிட வேண்டும். பந்தலை அமைத்தவர்களின் விவரம், வழங்கப்படும் உணவு, புகைப்படம் போன்றவற்றை முதல் கோப்பில் வைக்காமல், பயனர் அந்தப் புள்ளியைத் தொடும்போது தனியாகக் கேட்டு வாங்கலாம். பெரும்பாலானோர் பெரும்பாலான புள்ளிகளைத் தொடவே மாட்டார்கள்.

மூன்றாவது, கோடுகளையும் பரப்புகளையும் எளிமைப்படுத்துதல். 1973இல் வெளிவந்த டக்ளஸ்–பியூக்கர் முறை, கோட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்திற்கு மேல் விலகாத முனைகளை நீக்குகிறது. 1993இல் வெளிவந்த விஸ்வலிங்கம்–வயட் முறை, மிகச் சிறிய முக்கோணத்தை உண்டாக்கும் முனையை முதலில் நீக்கிக்கொண்டே போகிறது. கடற்கரை, ஆறு போன்ற இயற்கைக் கோடுகளுக்கு இதன் விளைவு கண்ணுக்கு இதமாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மேப்ஷேப்பர் என்ற கருவியை உலாவியிலேயே திறந்து, கோப்பை இழுத்துப் போட்டு, ஒரு நகர்த்தியை அசைத்தபடியே இந்த வேலையைச் செய்யலாம். அது இயல்பாக விஸ்வலிங்கம் முறையின் ஒரு வடிவத்தைப் பயன்படுத்துகிறது.

எவ்வளவு எளிமைப்படுத்துவது என்பதை ஜூம் நிலை சொல்லும். பினாங்கில் ஒரு பிக்சல், ஜூம் 12இல் ஏறத்தாழ 38 மீட்டரையும், ஜூம் 14இல் ஏறத்தாழ 9.5 மீட்டரையும், ஜூம் 16இல் ஏறத்தாழ 2.4 மீட்டரையும் மூடுகிறது. ஜூம் 12இல் மட்டும் தெரியும் ஓர் எல்லைக்கோட்டில் 5 மீட்டர் துல்லியத்தை வைத்திருப்பதால் யாருக்கும் பயனில்லை. ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பினாங்கு மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களைத் தனித்தனிப் பரப்புகளாக எளிமைப்படுத்தினால், பொது எல்லைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வெள்ளைக் கீற்றுகள் தோன்றும். ஆகவே பொது எல்லையை ஒரே கோடாக நினைவில் வைக்கும் கருவியால்தான் அதைச் செய்ய வேண்டும். மேப்ஷேப்பர் அப்படிச் செய்யும்; போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் வரைபடத் தரவுத்தளத்தில் 3.4 பதிப்பிலிருந்து அதற்கான தனிச் செயற்கூறும் இருக்கிறது. மற்றொன்று ஜார்ஜ்டவுனின் கிழக்குக் கரை. அங்கே சியூ ஜெட்டி முதலிய மரத்தூண் குடியிருப்புகள் கடலின் மேல் விரல்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கரைக்கோட்டைக் கண்மூடித்தனமாக எளிமைப்படுத்தினால் முதலில் காணாமல் போவது அந்த விரல்கள்தாம். எந்த இடத்தில் வடிவமே செய்தியாகிறதோ அந்த இடத்தில் கருவியை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, படங்கள். வெள்ளித் தேருக்கும் தங்கத் தேருக்கும் அழகான சின்னங்களை வரைந்த நண்பர் அவற்றை 2000 பிக்சல் அகல உயரத்தில் கொடுத்திருந்தார். கோப்பின் அளவு சிறியதாகவே இருந்தது. ஆனால் உலாவி அதை விரித்து நினைவகத்தில் வைக்கும்போது, ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம், ஒரு சின்னம் 16 மில்லியன் பைட் பிடிக்கும். திரையில் அது 32 பிக்சல்தான். விலை குறைந்த கைப்பேசிகள் காரணம் சொல்லாமல் பக்கத்தை மூடிவிடுவதன் பின்னணி பெரும்பாலும் இப்படிப்பட்ட நினைவகச் சுமையே.

நான்காம் படி: ராஸ்டரா, வெக்டரா

ராஸ்டர் டைல் என்பது சேவையகத்தில் வரைந்து முடித்த படம். வெக்டர் டைல் என்பது வடிவங்களை எண்களாகக் கட்டி அனுப்பி, கைப்பேசியிலேயே வரையவைக்கும் முறை. வெக்டர்தான் புதுமை, ஆகவே அதுவே வேகம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது பாதி உண்மை. வெக்டர் முறையில் பதிவிறக்கம் குறையலாம், ஜூம் செய்யும்போது வழுக்கிக்கொண்டு போகும், நிறங்களைப் பிறகு மாற்றலாம். ஆனால் மேப்லிப்ரே நூலகம் லீஃப்லெட்டை விடப் பல மடங்கு பெரியது. கைப்பேசியின் வரைகலைச் செயலியும் உழைக்க வேண்டும். சில நூறு புள்ளிகளையும் ஒரு பின்னணியையும் காட்ட லீஃப்லெட்டும் ராஸ்டரும் போதும் என்பதே என் தீர்ப்பு. பல்லாயிரம் கட்டடங்கள், நிலத் துண்டுகள், நேரத்திற்கு நேரம் மாறும் நிறங்கள் என்று வந்தால் வெக்டருக்குப் போங்கள்.

ராஸ்டரைத் தேர்ந்தால், படத்தின் வகையைக் கவனியுங்கள். சாலை வரைபடங்களுக்கு நிறங்கள் குறைந்த பிஎன்ஜி அல்லது வெப்பி வடிவம் பொருந்தும். செயற்கைக்கோள் படங்களுக்கு ஜேபெக் அல்லது வெப்பி. கூர்மையான திரைகளுக்காக 512 பிக்சல் டைல்களை அனுப்பினால் ஒவ்வொன்றும் நினைவகத்தில் 1 மெகாபைட் பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். 256 பிக்சல் டைல் அதில் கால் பங்குதான்.

வெக்டரைத் தேர்ந்தால், டைல்களை ஜூம் 14 வரை மட்டும் உருவாக்கி, அதற்கு மேல் அதே டைலைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லலாம். ஜூம் 18 வரை உருவாக்கினால் ஒவ்வொரு டைலுக்கும் கீழே 256 டைல்கள் முளைக்கும். டிப்பிகனு என்ற கருவி இந்த வேலைக்கு உகந்தது. ஒரு டைல் 500 கிலோபைட்டைத் தாண்டினால் அது எச்சரித்து நிற்கும், நெரிசலான இடங்களில் புள்ளிகளைத் தானே உதிர்க்கவும் சொல்லலாம். அந்த 500 என்பது உச்சவரம்பு. இலக்காக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கைப்பேசிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட எனக்கு அதிகமாகவே படுகிறது.

பின்னணி வரைபடத்திற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது டைல் சேவையகத்தை அப்படியே கோத்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது நன்கொடையில் ஓடும் சேவை. மொத்தமாகப் பதிவிறக்குவதை அதன் விதிகள் தடை செய்கின்றன, மிகுந்த பயன்பாட்டுக்கு உத்தரவாதமும் தருவதில்லை. தரவு இலவசம் என்பதால் சேவையகமும் நமக்கே சொந்தம் என்றாகாது. ஜியோஃபேப்ரிக் தளத்தில் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் சேர்ந்த ஒரே தொகுப்பு கிடைக்கிறது. அதிலிருந்து பினாங்கை மட்டும் வெட்டியெடுத்து, பிஎம்டைல்ஸ் என்னும் ஒற்றைக் கோப்பாகக் கட்டி, சாதாரணக் கோப்புச் சேமிப்பகத்தில் வைத்துவிடலாம். அந்தக் கோப்பின் தொடக்கத்திலேயே ஓர் அட்டவணை இருக்கும்; உலாவி அதைப் படித்துவிட்டு, தனக்கு வேண்டிய பைட்டுகளை மட்டும் பகுதிக் கோரிக்கையாகக் கேட்கும். தனியாக ஒரு டைல் சேவையகத்தைப் பராமரிக்கும் தொல்லை இல்லை. நீங்கள் வைக்கும் இடம் பகுதிக் கோரிக்கைகளை ஆதரிக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே சரிபாருங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கான நன்றிக் குறிப்பை வரைபடத்தின் ஓரத்தில் இடுவது கட்டாயம்.

ஐந்தாம் படி: தரவுத்தளம்

சில நூறு பந்தல்களுக்குத் தரவுத்தளமே வேண்டாம். ஒரு சிறு கோப்பு போதும். ஆயினும் நிலத் துண்டுகள், கட்டடங்கள் போன்ற பெரிய தொகுப்புகளோடு வேலை செய்பவர்கள் போஸ்ட்ஜிஐஎஸ் இல்லாமல் இருக்க முடியாது.

மலேசியத் தரவுகளில் அடிக்கடி நேரும் சிக்கல் ஒன்று உண்டு. தீபகற்ப மலேசியாவின் அளவைத் தரவுகள் பெரும்பாலும் ஆர்எஸ்ஓ என்ற நாட்டு வீழலில் (புவியைத் தட்டையாக்கும் கணக்கு முறையில்) வருகின்றன. வீழல்களுக்கு எண் தரும் இபிஎஸ்ஜி பட்டியலில், ஜிடிஎம்2000 என்னும் மலேசிய அளவை அடிப்படையிலான அதன் எண் 3375. இணைய வரைபடமோ 3857 என்ற எண்ணுடைய இணைய மெர்க்கேட்டர் வீழலைக் கேட்கிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தரவை உடனுக்குடன் மாற்றித் தருவதாக வினவலை எழுதினால், வடிவ நெடுவரிசைக்குப் போட்டுவைத்த, தேடலை விரைவாக்கும் குறியீட்டு அட்டவணை பயன்படாமல் போய், தரவுத்தளம் ஒவ்வொரு வரியாகத் துழாவும். உலாவியில் ஒரு நூலகம் வைத்து மாற்றுவது அதைவிட மோசம். ஒரே ஒரு முறை 3857க்கு மாற்றி, தனி நெடுவரிசையில் சேமித்து, அந்த நெடுவரிசைக்கு ஜிஸ்ட் வகைக் குறியீட்டு அட்டவணையை உருவாக்குங்கள். பிறகு, வினவலை எப்படி நிறைவேற்றப்போகிறாய் என்று தரவுத்தளத்தையே விளக்கச் சொல்லிப் பாருங்கள். வரிசையாகத் துழாவுவதாக அது சொன்னால் இன்னும் வேலை முடியவில்லை.

டைலை உருவாக்கும் செயற்கூறுகள் போஸ்ட்ஜிஐஎஸ் 2.4 பதிப்பிலிருந்தே உள்ளன. ஆனால் ஒவ்வொருவர் கேட்கும்போதும் புதிதாக உருவாக்க வேண்டிய தேவை எப்போதாவதுதான் வரும். ஆண்டுக்கு ஒரு முறை மாறும் கட்டட எல்லைகளை முன்பே டைல்களாகக் கட்டி வைத்துவிடலாம்.

ஆறாம் படி: தூரமும் கேஷும்

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர்தான் ஓடும். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். போய்வர இயற்பியல் கேட்பது 6 மில்லிநொடி. அமெரிக்கக் கிழக்குக் கரையோ ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர்; போய்வரக் குறைந்தது 150 மில்லிநொடி, நடைமுறையில் கேபிள்கள் சுற்றிச் செல்வதால் இன்னும் அதிகம். ஒரு பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த, டிஎல்எஸ் என்னும் பாதுகாப்பு நெறிமுறையின் 1.3 பதிப்பிலும்கூட, கேட்ட பொருளின் முதல் பைட் வருவதற்குள் மூன்று முறை போய்வர வேண்டியிருக்கும். ஆகவே இலவசமாகக் கிடைத்தது என்று தொலைதூரத்தில் வைத்த சேவையகம், எவ்வளவு வலிமையாக இருந்தாலும், ஒவ்வொரு புதிய பயனரிடமும் அரை நொடியை வாங்கிக்கொண்டுதான் பேசத் தொடங்கும். சிங்கப்பூரில் நெடுங்காலமாகவே பெரிய மேகக் கணிமை மையங்கள் இருக்கின்றன. அமேசான் 2024 ஆகஸ்டு முதல் மலேசியாவிலேயே ஒரு மண்டலத்தை நடத்துகிறது. அருகில் இருப்பதை எடுங்கள், அல்லது அருகில் கிளை வைத்து உங்கள் கோப்புகளின் நகல்களை வழங்கும் ஒரு சிடிஎன் சேவையை முன்னால் நிறுத்துங்கள்.

டைல்கள் வேறொரு முகவரியிலிருந்து வருமானால், பக்கத்தின் தலைப்பகுதியிலேயே அந்த முகவரியோடு முன்கூட்டி இணைப்பை ஏற்படுத்தச் சொல்லும் ஒரு வரியை இடுங்கள். பழைய கையேடுகள் டைல்களை ஏ, பி, சி என்று மூன்று துணைப் பெயர்களில் பிரிக்கச் சொல்லும். உலாவிகள் ஒரு பெயருக்கு ஆறு இணைப்புகள் மட்டுமே திறந்த காலத்தில் அது சரி. 2015இல் வந்த எச்டிடிபி 2 என்னும் இணைய நெறிமுறை ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளை அனுப்புவதால், அந்தப் பிரிப்பு இன்று இணைப்புச் செலவை மூன்றாக்குவதோடு சரி.

கேஷைப் பொறுத்தவரை, மாறும் தரவையும் மாறாத தரவையும் ஒரே கோப்பில் கலப்பதுதான் ஆரம்பப் பிழை. பின்னணி டைல்களின் முகவரியில் பதிப்பு எண்ணைச் சேர்த்து, 31,536,000 நொடி, அதாவது ஓராண்டு வரை வைத்திருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். மாற்றம் வந்தால் பதிப்பு எண்ணை மாற்றினால் போதும். பந்தல்களின் பட்டியலுக்குச் சில மணி நேரம். சாலை அடைப்புக்கும் தேரின் இருப்பிடத்திற்கும் ஒரு நிமிடத்திற்கும் குறைவு. எங்கள் முதல் வரைபடத்தில் இவை மூன்றும் ஒரே ஜியோஜேசனாக இருந்ததால், தேர் நூறு மீட்டர் நகர்ந்ததைச் சொல்ல, தீவின் எல்லாப் பந்தல்களையும் ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு நுட்பமான பிழையும் உண்டு. திரையின் நான்கு மூலைகளின் ஆயத்தொலைகளை அனுப்பி, அந்தப் பரப்புக்குள் இருப்பவற்றைக் கேட்கும்படி நிரல் எழுதினால், எந்த இரண்டு பயனர்களின் கேள்வியும் ஒன்றாக இருக்காது. எல்லாக் கேள்விகளும் சிடிஎன்னைத் தாண்டி நேரே உங்கள் சேவையகத்தில் வந்து இடிக்கும். நிலையான டைல் கட்டத்தின்படி கேட்டால், லிட்டில் இந்தியாவில் நிற்கும் ஆயிரம் பேருக்கும் அதே சில டைல்கள்தாம்; முதலாமவருக்காக எடுத்தது மற்ற எல்லோருக்கும் உதவும்.

ஏழாம் படி: திரையில் வரைதல்

லீஃப்லெட் இயல்பாக ஒவ்வொரு குறியையும் பக்கத்தின் தனி உறுப்பாக வைக்கிறது. சில நூறு வரை சிக்கல் இல்லை. ஆயிரங்களுக்குப் போனால் விரல் நகர்வில் திக்கல் தெரியும். அப்போது குறிகளை வட்டப் புள்ளிகளாக்கி, கேன்வாஸ் என்னும் ஒற்றை வரைபலகையில் வரையச் சொல்லும் அமைப்பை இயக்கலாம். அல்லது அருகருகே உள்ளவற்றைத் திரள்களாகத் தொகுக்கலாம். பந்தல்கள் நெருங்கி நிற்கும் சாலையில் திரள் முறை இயல்பாகவே பொருந்தும். ஆனால் ஜூம் 17க்கு மேல் திரளைக் கலைத்துவிடுங்கள். எதிரே பந்தலைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் திரையில் வட்டத்துக்குள் ஓர் எண்ணைக் காட்டுவது எரிச்சலூட்டும்.

மேப்லிப்ரேயில் அடுக்குகளின் எண்ணிக்கையே முதன்மைச் செலவு. வரைபடத்தின் தோற்றத்தை வகுக்கும் ஆயத்தப் பாணிக் கோப்புகளில் நூற்றுக்கு மேற்பட்ட அடுக்குகள் இருப்பது அரிதன்று. விமான ஓடுபாதை, பனிச்சறுக்குப் பாதை என்று தைப்பூச வரைபடத்திற்குத் தேவையில்லாதவற்றை நீக்குங்கள். தொட்ட புள்ளியின் நிறத்தை மாற்ற, தரவு முழுவதையும் மறுபடி ஊட்டாதீர்கள். தனி உருப்படியின் நிலையை மட்டும் மாற்றும் வசதி அதற்கென்றே இருக்கிறது.

இரண்டு நூலகங்களுக்கும் பொதுவாக ஒன்று: வரைபடம் நகரும் ஒவ்வொரு கணத்திலும் தரவைக் கேட்காமல், நகர்ந்து முடிந்த பிறகு கேளுங்கள், புதிய கேள்வி புறப்படும்போது பழைய கேள்வியை ரத்து செய்யுங்கள்.

எட்டாம் படி: தமிழ்ப் பெயர்கள்

ஆங்கிலக் கையேடுகள் தொடாத பகுதி இது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயர்களுக்குத் தனிக் குறிச்சொல் உண்டு. ராஸ்டர் டைல்களைச் சேவையகத்தில் வரையும்போது, எழுத்து வடிவமைப்பை அறிந்த நிரல் இருந்தால் தமிழ் ஒழுங்காக வரும். வெக்டர் நூலகங்களோ எழுத்துகளைத் தனித்தனி ஒட்டுவடிவங்களாக எடுத்து வரிசையாக அடுக்கும் முறையில் வளர்ந்தவை. அந்த முறையில் கொ, கோ, கௌ போன்ற உயிர்மெய்களின் கொம்பும் காலும் இடம் மாறி, தேர் புறப்படும் ‘கோவில் வீடு’ படிக்க முடியாத சிதறலாகிவிடும். ஆகவே, நீங்கள் பயன்படுத்தும் பதிப்பில் கொம்புள்ள பெயர்களை முதலில் சோதித்துவிட்டு மேலே செல்லுங்கள். சிதறினால், முக்கியமான பத்துப் பதினைந்து பெயர்களை மட்டும் சாதாரண எச்டிஎம்எல் குறிகளாக வரைபடத்தின் மேல் வைப்பது எளிய தீர்வு. உலாவிக்குத் தமிழ் நன்றாகவே தெரியும்.

எழுத்துருவிலும் சேமிக்க இடமுண்டு. யூனிகோடில் தமிழின் முதன்மைப் பகுதிக்கு ஒதுக்கப்பட்டது 128 இடங்கள் மட்டுமே. பல மொழிகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய எழுத்துருவை அனுப்பாமல், தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டி, வோஃப்2 என்னும் சுருக்கிய எழுத்துரு வடிவில் அனுப்புங்கள். அது வந்து சேரும்வரை கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள தமிழ் எழுத்துருவில் பெயர்கள் தெரியட்டும்.

ஒன்பதாம் படி: திருவிழாவுக்கு முன்

சர்வீஸ் வொர்க்கர் என்ற உலாவி வசதியைக் கொண்டு, பக்கத்தின் நிரலையும், பந்தல் பட்டியலையும், நீங்களே கட்டிய பினாங்கு டைல்களில் தேர் செல்லும் பாதையை ஒட்டியவற்றையும் கைப்பேசியில் முன்பே சேமிக்கலாம். பெனாங் ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை வரையுள்ள பாதை, ஜூம் 14 வெக்டர் டைல்களில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். வீட்டிலிருந்து புறப்படும் முன் ஒருமுறை திறந்து பார்க்கும்படி புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. கூட்டத்தில் நிற்கும்போது தேரின் இருப்பிடமும் அடைப்பு நிலவரமும் மட்டும் வந்தால் போதும்.

வரைபடம் தோன்றும் இடத்தின் உயரத்தை முன்பே நிர்ணயித்து, அங்கே சிறிய நிலைப்படம் ஒன்றை வைத்து, தொட்ட பிறகு உண்மையான வரைபடத்தை ஏற்றும் முறையையும் பரிசீலியுங்கள். அந்தப் படத்திற்குக் கீழே, பந்தல்களின் பெயரும் சாலையும் கொண்ட வெறும் எழுத்துப் பட்டியலை எச்டிஎம்எல்லிலேயே எழுதி வையுங்கள். எங்கள் இரண்டாம் ஆண்டு வரைபடத்தில் இதைச் செய்தோம். அவ்வாண்டு அதிகம் பேர் பயன்படுத்தியதாக எங்களிடம் வந்து சொன்னது, வரைபடத்தைவிட அந்தப் பட்டியலைத்தான்.